அந்த வாங்கில நானும் இருந்தனான்

முந்தாநாள் ஊர் குரூப்பில வந்த போட்டோவ எல்லாரும் பாத்திருப்பீங்க, அத நான் இஞ்ச திருப்பிப் போடமாட்டன், பாக்காத ஆக்கள் தேடிப் போகவும் வேணாம். ஆஸ்பத்திரி மனநல கிளினிக் வாசல், நீட்டு வாங்கு ஒண்டு, பத்துப் பன்னெண்டு பேர் நம்பருக்குக் காத்துக்கொண்டிருக்கினம், மேல ஒரு வசனம்: "நட்டுக் கழண்ட சங்கப் பொதுக்கூட்டம்". கீழ சிரிப்புப் பொம்மை முன்னூத்துச் சொச்சம். சிரிச்ச ஆக்கள்ர பேரை ஒண்டொண்டா இருந்து வாசிச்சன். வேலை வெட்டி இல்லாமத்தான் வாசிச்சன் எண்டு வையுங்கோ.

நான் சொல்ல வந்தது ஒண்டே ஒண்டு. அது கிளினிக். காலம போய் நம்பர் எடுத்து, கதைச்சு, மருந்தையும் அடுத்த திகதியையும் வாங்கிக்கொண்டு மத்தியானச் சோத்துக்கு வீட்ட வாற இடம். சீனி வருத்தத்துக்குப் போற மாதிரி, பிரசருக்குப் போற மாதிரி. ஆரையும் அங்க கட்டி வைக்கிறேல்ல. (வார்டில நிண்டாலும் அதில வெக்கப்பட ஒண்டுமில்ல, அது வேற கதை.) திருப்பிச் சொல்லுறன், வீட்ட வாற இடம்.

அந்த வாங்கில நானும் இருந்தனான். போட்டோ எடுத்த அண்டைக்கில்ல, அதுக்கு முதல் மாசம்.

அம்மாவில இருந்து தொடங்கினாத்தான் விளங்கும். 2004 டிசம்பர் 26, எங்கட வீடு திருகோணமலையில திருக்கடலூர்ப் பக்கம். கடல் வந்து போன கதை உங்களுக்குப் புதுசில்ல, ஒவ்வொரு வீட்டிலயும் ஒண்டு இருக்கு. எங்கட கதை பேந்துதான் தொடங்கினது. அம்மா ராவில ரெண்டு மூண்டு மணிக்கு எழும்பி, லைட் போடாம, குனிஞ்சு நிலத்தக் கையால தடவிப் பாப்பா. ஈரமா இருக்கா எண்டு. காஞ்சிருந்தாலும் படுக்க மாட்டா, கதவடிக்குப் போய் அங்கயும் தடவுவா. அப்ப நாங்க உவர்மலையில வாடகைக்கு இருக்கிறம், மேட்டு நிலம், அங்க எங்க தண்ணி வாறது. "விசர்க் கதை கதைக்காதீங்கம்மா" எண்டு கத்தினனான். எங்கட வீட்டில அந்தச் சொல்லை முதல் சொன்னது நான்தான், அதையும் எழுதத்தானே வேணும்.

சுனாமி முகாமுக்கு உளவளத்துணைக்கெண்டு வந்து பழக்கமான ஒரு அக்காதான் அம்மாவ கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனவ. ரெண்டு வருசம் போனா. கிளினிக் கொப்பிய புடவைக்கடைப் பையில சுத்தி, அதுக்கு மேல ஒரு கட்டுக் கீரைய வைச்சுக்கொண்டு போவா. பக்கத்து வீட்டு மாமி கேட்டா "பிரசருக்கு". வரேக்கயும் அதே கீரைதான், வாடிச் சுருண்டு வரும், அண்டைக்கு எங்களுக்கு அந்தக் கீரைக்கறிதான். மருந்து தொடங்கி முதல் ரெண்டு கிழமை ஒண்டும் நடக்கேல, நிப்பாட்டப் போறன் எண்டு நிண்டா, இந்த மருந்து வேலை செய்ய ரெண்டு மூண்டு கிழமைக்கு மேலயும் செல்லும், அவசரப்படாதீங்கோ எண்டு சொல்லி அனுப்பிச்சினம். பேந்து ஒரு நாள் விடிய அஞ்சரைக்கு நான் எழும்பிப் பாக்கிறன், அம்மா நித்திரை. எனக்குப் பயமாப் போச்சு, மூக்குக்குக் கிட்ட கைய வைச்சுப் பாத்தனான்.

என்ர கதை சின்னக் கதை. கடையில நிக்கேக்க நெஞ்சு இடிச்சுது, வேர்த்து ஊத்திச்சுது, கை விறைச்சுது, ஹார்ட் எண்டு நினைச்சு மூண்டு தரம் ஈசிஜி எடுத்தாச்சு, மூண்டும் கிளியர். பதகளிப்பு எண்டினம். குளிசையோட ஒரு கொப்பியும் எழுதச் சொன்னவை, எத்தினை மணிக்கு வந்தது, அப்ப என்ன செய்துகொண்டு நிண்டனி, மனசில என்ன ஓடினது எண்டு. சிபிடி எண்டு சொல்லுவினம், நினைப்பையும் பழக்கத்தையும் பிடிச்சு மாத்துற தெரப்பி. அந்தக் கொப்பி இன்னும் கிடக்கு. பதினாலு இடத்தில "இப்ப சாகப்போறன்" எண்டு எழுதி இருக்கு. பதினாலையும் நான்தான் உயிரோட இருந்து எழுதி இருக்கிறன்.

இப்ப விளங்குதா சங்கத்தில ஆர் ஆர் உறுப்பினர் எண்டு? போட்டோவில பள்ளிக்கூட வெள்ளை உடுப்போட ஒரு பிள்ளை இருக்கு, அதுக்கு ஒருத்தர் "இந்த வயசிலயேவா" எண்டு கொமென்ட். ஓம், இந்த வயசிலயேதான். வீட்டில கிளி மாதிரி கதைச்சிட்டு வகுப்பில ஒரு சொல்லும் கதைக்காத பிள்ளை இருக்கு, எட்டு வயசில திரும்பப் படுக்கையில மூத்திரம் போகத் தொடங்கின பிள்ளை இருக்கு. அதுகளுக்குக் குளிசையில்ல முதல், விளையாட்டுச் சாமானும் கலர் பென்சிலும் குடுத்து நிலத்தில கூட இருந்து விளையாடித்தான் கதை எடுக்கிறது. பிள்ளை பெத்து ஒரு மாசமாகியும் அழுகை நிக்காத தாய் வருவா. வந்த வழி மறந்த தாத்தா வருவார். பிள்ளையில இருந்து கிழடு வரைக்கும் ஒரே வாங்குதான்.

"முகம் வடிவாத் தெரியேல தானே" எண்டு ஒருத்தர் சட்டம் கதைக்கிறார். திருகோணமலையில முகம் எதுக்குத் தம்பி? குடையப் பாத்தே ஆரின்ர அம்மா எண்டு சொல்லுற ஊர் இது.

"அந்தக் காலத்தில சண்டையப் பாத்த ஆக்கள், ஷெல்லுக்க ஓடின ஆக்கள், அதுகள் கிளினிக்குக்கா போனதுகள்?" இது இன்னொரு பெரியவர். போன ஆக்களும் இருக்கினம், உங்களிட்டச் சொல்லேல, கீரைக்கட்ட வைச்சுக்கொண்டு போனவை. போகாத ஆக்களையும் பாருங்கோவன். 1995ல இலங்கையில லட்சத்துக்கு 47 பேர் அளவில தங்கட உயிரைத் தாங்களே மாய்ச்சவை, உலகத்திலயே மேல நிண்ட கணக்கு. அது குறைஞ்சது கூடின பங்கு மோசமான விவசாய நஞ்சுகளைத் தடை செய்தபடியால, கிளினிக்கால இல்ல எண்டு படிச்ச ஆக்கள் வருவீங்க. சரி, ஒத்துக்கொள்ளுறன், அது உண்மைதான். ஆனா கைக்கெட்டுற தூரத்தில நஞ்சு இல்லையெண்டா உயிர் தப்புது, உள்ளுக்க இருக்கிற பாரம் எங்க போறது? அதை இறக்கி வைக்க ஒரு வாங்கு வேணும். சாக வெளிக்கிட்டுத் தப்பினவனைக் குற்றவாளியாப் பாத்த சட்டத்தையே 1998ல எடுத்தாச்சு, நீங்க இன்னும் 1873ல வெள்ளைக்காரன் விசருக்கெண்டு சட்டம் போட்ட காலத்தில நிக்கிறீங்க. ராவில கதைக்க ஆளில்லாம இதை வாசிக்கிற ஆரும் இருந்தா 1926க்கு அடியுங்கோ, தேசிய மனநல நிறுவனத்தின்ர லைன், எந்த நேரமும் எடுப்பினம்.

கோயிலுக்குப் போனாக் காணும் எண்ட ஆக்களுக்கு: அம்மா பத்திரகாளியிட்டயும் போனவ, கிளினிக்குக்கும் போனவ. காளி கோவிக்கேல.

கிளினிக் சொர்க்கம் எண்டும் சொல்லேல. ஒருக்கா டொக்டருக்குத் தமிழ் தெரியாது, அம்மா அஞ்சு நிமிசமா அழுது அழுது சொன்னதை மொழிபெயர்த்தவர் ஒரு வசனத்தில முடிச்சார், நித்திரை இல்லையாம் எண்டு. அம்மா என்னை ஒரு பார்வை பாத்தா. காலம ஆறு மணிக்குப் போய் பன்னெண்டு மணிக்குக் கூப்பிட்ட நாளும் இருக்கு. இதை எழுதுங்கோ, கத்துங்கோ, தமிழ் தெரிஞ்ச ஆளைப் போடு எண்டு மனு குடுங்கோ, முதல் கையெழுத்து நான். அதுக்கெல்லாம் ஒருத்தரும் வரமாட்டீங்க, போன் கமராவத் தூக்கிக்கொண்டு வருவீங்க.

"பகிடி தானே மச்சான், ஏன் இவ்வளவு டென்சன்" எண்டு இன்பொக்ஸில வந்தவனுக்கு இஞ்சயே பதில். நீ எங்கட வீட்டுக் குசினியில பலகைக்கட்டையில இருந்து அம்மாட கையால புட்டுத் திண்டனி. கீரைக்கறியும் திண்டனி, அது எங்க போய் வந்த கீரை எண்டு தெரியாம. நீ சிரிச்சதுதான் எனக்கு நோகுது, மற்றவை எக்கேடு கெட்டாலும்.

இன்னொண்டு. எழுதுறதோ விடுறதோ எண்டு ராமுழுக்க யோசிச்சனான். சிரிச்ச முன்னூறு பேரில ஒருத்தர்ர அப்பா போன மாசம் எனக்குப் பக்கத்தில அதே வாங்கில இருந்தவர். கொப்பிய பேப்பருக்க சுத்தி வைச்சிருந்தார். எழும்பிப் போகேக்க என்ர தோளில கைய வைச்சு, "தம்பி, மகனிட்டச் சொல்லிப் போடாதீங்க, அவன் தாங்கமாட்டான்" எண்டவர். சொல்லமாட்டன். ஆரெண்டு முன்னூறு பேரும் யோசிச்சுக்கொண்டிருங்கோ.

வாற செவ்வாய் எனக்குத் திகதி. ஏழு மணிக்கு வாங்கில இருப்பன், சுவரோரமா ரெண்டாவது ஆள். படம் எடுக்கிறதெண்டா முதல் சொல்லிப் போட்டு எடுங்கோ, தலையாவது இழுத்துக்கொண்டு வாறன்.