"கடல் பக்கத்துலதானே இருக்கே, உனக்கு என்ன செலவு?"

இனி யாராவது என்னிடம் இதைக் கேட்டால் முகம் கொடுத்துப் பேசமாட்டேன். மாமா கேட்டார். கூட வேலை பார்க்கிறவர் கேட்டார். மீன் விற்ற கடைக்காரரும் கேட்டார். எனக்கு வீடு ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் என்கிற ஊரில். வடக்கே நடந்தால் வடகடல், தெற்கே நடந்தால் தென்கடல். அதனால் கடல்மீன் வளர்க்கிற கடல்நீர்த் தொட்டி எனக்குச் சும்மா கிடைக்கும் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. நானும் நம்பினேன். அதற்கு விலை கொடுத்தது நானில்லை, மூன்று உயிர்கள்.

சீட்டுப் பணம் 15,000 ரூபாயை எடுத்துக்கொண்டு மதுரையில் ஒரு கடைக்குப் போனேன். இரண்டடித் தொட்டி, லைட், ஃபில்டர், தண்ணீரில் அலை எழுப்புகிற வேவ்மேக்கர். "பட்ஜெட் செட்டு தம்பி, இதுக்குக் கீழே யாரும் தரமாட்டாங்க" என்றார் கடைக்காரர். மீன் விடுவதற்கு முன் தண்ணீரை எத்தனை நாள் ஓடவிட வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டேன். "உங்க ஊர்லதான் கடலே இருக்கே! இன்னைக்கே மீனைக் கொண்டு போங்க, நாளைக்கு விட்டுடுங்க." சொன்னதோடு நிற்காமல் ஒரு ஜோடி நீமோ (கோமாளி மீன்), ஒரு அனிமோன் (கடல் சாமந்தி என்கிற உயிர்) இரண்டையும் ஆக்சிஜன் அடைத்த பையில் கட்டிக் கையில் கொடுத்துவிட்டார். பஸ்ஸில் ஊர் வரும்வரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

தெரியாமல் சொல்லியிருந்தால் விட்டுவிடலாம். கடல்மீன் விற்கிறவருக்கு இது தெரியாமல் இருக்காது. மீன் கழிவிலிருந்து அமோனியா வரும். அதை நைட்ரைட்டாகவும், அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா கல்லிலும் மணலிலும் குடியேற வேண்டும். அதற்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்கு முன்னால் மீனை விட்டால் அது தன் கழிவிலேயே வெந்து சாகும். அனிமோனுக்கு இன்னும் அதிகம், பல மாதம் ஓடி நிலைத்த தொட்டியும் நல்ல வெளிச்சமும் வேண்டும். 'ஆறு வாரம் கழிச்சு வாங்க தம்பி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அன்றைக்கே மீனும் விற்றாக வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் விடியற்காலை 4 மணிக்கு ஒரு கவுச்சி நாற்றத்தில் முழிப்பு வந்தது. லைட்டைப் போட்டால் தொட்டி முழுக்கக் கஞ்சித் தண்ணீர் மாதிரி வெளுத்திருக்கிறது. ஒட்டிக்கொள்ள இடம் பிடிக்காத அனிமோன் ராத்திரி நகர்ந்து போய் வேவ்மேக்கரில் சிக்கியிருக்கிறது. அதன் கூண்டு இடுக்கிலெல்லாம் பழுப்பு நிறச் சதைத் துணுக்குகள். நீமோ இரண்டும் தண்ணீரின் மேல்மட்டத்தில், செவுள் படபடக்க, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அந்த ஜோடியில் பெரியதுதான் பெண். அதுதான் முதலில் போனது. நான் வாளியைத் தேடி எடுத்துவருவதற்குள் மற்றதும் சாய்ந்துவிட்டது.

கடைக்குப் போன் செய்தேன். "தண்ணி சரியில்லை போல. இன்னொரு ஜோடி ரேட்டு குறைச்சுத் தர்றேன், வாங்க" என்றார். மூன்று உயிர் செத்ததைச் சொல்கிறேன், அவர் ரேட்டைப் பற்றிப் பேசுகிறார்!

சரி, அந்த 'இலவசத் தண்ணீர்' கதைக்கு வருகிறேன். படகுத்துறைப் பக்கம் கேனில் பிடித்த தண்ணீரை வெள்ளை வாளியில் ஊற்றி ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். மேலே டீசல் படலம் வானவில்லாக மினுங்கும், அடியில் விரல்கனத்துக்குச் சேறு படியும். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது தென்கடல் கலங்கும், வாடை திரும்பினால் வடகடல் கலங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோரத் தண்ணீரின் உப்பே இறங்கிவிடும். தொட்டிக்கு வேண்டியது வருஷம் முழுக்க ஒரே அளவு: அடர்த்தி எண் 1.025 (நன்னீர் 1 என்றால்), அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. மீன் ஆராய்ச்சி நிலையங்களும் குஞ்சுப் பொரிப்பகங்களும் கடல்நீரைத்தான் எடுக்கின்றன, ஆனால் மணல் வடிகட்டியில் ஏற்றிச் சுத்தம் பண்ணாமல் மீன் மேல் ஊற்றுவதில்லை. என் வீட்டில் அந்த வசதி ஏது? அதனால் கடலோரத்தில் உட்கார்ந்துகொண்டு உப்புப் பொடியைக் கூரியரில் வரவழைக்கிறேன். 50 லிட்டருக்கு ஏறக்குறைய 1.8 கிலோ. வாரம் 5 லிட்டர் மாற்றினால் ஒவ்வொரு தடவையும் இன்னொரு 180 கிராம்.

அந்த உப்பைக் கரைக்க நல்ல தண்ணீர் வேண்டுமே! குடிக்கிற தண்ணீரையே கேனில் வாங்குகிற மாவட்டம் இது. அந்தக் கேன் தண்ணீரும் அப்படியே போதாது, அதில் மிச்சமிருக்கிற கரைபொருளே பாசியை வளர்க்கும், அதையும் இன்னும் சுத்தம் பண்ண வேண்டும். இந்தச் செலவை எந்த பட்ஜெட் செட்டுக்காரரும் வாய் திறந்து சொல்வதில்லை.

வேதனை மாமாவாலும் வந்தது. ஒரு கல்யாணத்துக்காக நாலு நாள் பரமக்குடி போயிருந்தேன். தண்ணீர் குறைந்ததைப் பார்த்து, அக்கறையோடு இரண்டு வாளி கடல்நீரை ஊற்றி நிரப்பி வைத்திருந்தார். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான் மாமா, உப்பு தொட்டியிலேயே தங்கும், குறைந்ததை நன்னீரால்தான் நிரப்ப வேண்டும் என்றேன். "கடல் மீனுக்கு நல்ல தண்ணியா?" என்று என்னையே திட்டினார். அளந்தால் 1.030. நல்லவேளை, அப்போது உள்ளே மீன் இல்லை.

இதைவிடக் கொதிப்பேற்றியது வேறொரு பேச்சு. தொட்டிக்குள் வைக்கிற, பாக்டீரியா குடியேறிய கல்லுக்கு லைவ் ராக் என்று பேர். "லைவ் ராக்குக்கு ஏன் காசு கொடுக்கறே? பார்ல கிடக்கிற கல்லு ரெண்டு எடுத்துத் தர்றேன்" என்று தெரிந்த அண்ணன் ஒருவர் சொன்னார். அண்ணே, பார் என்றால் கடலடிப் பவளத்திட்டு, அந்தக் கல் பவளம். 2001 முதல் கல்பவளம் முழுக்க வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கரையில் ஒதுங்கிய செத்த துண்டைக்கூட எடுக்கக் கூடாது. தென்கடலான மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிய கடலை 1986இல் தேசியப் பூங்காவாக்கியதே இருக்கிற பாரைக் காப்பாற்றத்தான். சுண்ணாம்புக்கென்று எவ்வளவோ வெட்டித் தீர்த்த கடல் இது. என் வீட்டு அலங்காரத்துக்காக அதில் ஒரு துண்டுகூடக் குறையக் கூடாது.

சூட்டைப் பற்றி யாருமே பேசுவதில்லை. பவளத்துக்கு 25, 26 டிகிரி சௌகரியம். சித்திரையில் என் அறையில் தண்ணீர் 32. அந்தச் சூட்டில் பவளம் தனக்குச் சோறு போடுகிற நுண்பாசியைத் துப்பிவிட்டு வெளுத்துப்போகும். 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவே இப்படி வெளுத்தது. கடலிலேயே தாங்காதது இரண்டடிக் கண்ணாடியில் தாங்குமா? தண்ணீரைக் குளிர்விக்கிற சில்லர் வாங்கத் தொட்டியைவிட அதிகம் ஆகும். அதனால் இப்போதைக்குச் சின்ன ஃபேன் ஒன்றைத் தண்ணீர் மேல் ஓடவிட்டு இரண்டு டிகிரி இறக்கி, பவளம் பக்கமே போகாமல் மீனோடு நிறுத்திக்கொள்வதென்று முடிவு செய்திருக்கிறேன். கரண்டு போனால் ஓட பேட்டரி ஏர்பம்ப் ஒன்று தனியாக வாங்கி வைத்தாயிற்று.

தொட்டி இப்போது ஐந்தாவது வாரத்தில். உள்ளே காய்ந்த கல், மணல், அமோனியாவுக்காகப் போட்ட ஒரு இறால் துண்டு. அமோனியா பூஜ்யத்துக்கு வந்துவிட்டது, நைட்ரைட் இன்னும் இறங்கவில்லை. அது இறங்கியபின் தொட்டியிலேயே பொரித்து வளர்ந்த ஒரு ஜோடியைத்தான் வாங்குவேன், கடலில் பிடித்ததை இல்லை. வெள்ளிக்கிழமை மறுபடி சோதிக்கிறேன். அதுவரை யாரும் வாசலில் நின்று "வெறும் தண்ணிக்கா மோட்டார் ஓடுது?" என்று கேட்காதீர்கள்.