காய்ச்சல் விட்ட பிறகுதான் எனக்குப் பயம்

எங்கள் ஊர்ப் புலன (வாட்ஸ்அப்) குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். மகள் தாதியர் டிப்ளோமா சேர்ந்திருக்கிறாளாம், மருந்தியல், நோயியல் என்று தலையணை கனத்தில் புத்தகமாம், ராத்திரி பகலாக மனப்பாடம் செய்கிறாளாம். "மாத்திரை எழுதுறது டாக்டர், எடுத்துக் குடுக்கிறது மிஸ்ஸி, இதுக்கு எதுக்கு இவ்வளவு படிப்பு?" என்று கேட்டிருந்தார். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அங்கேயே பதில் எழுதப் போய் அது நீண்டுகொண்டே போனதால் இங்கே போடுகிறேன். நானும் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்தில் பிறந்தவள்தான், இப்போது வெளியூர் வார்டு ஒன்றில் வேலை.

தாதியருக்கு முதலில் சொல்லித் தருவது ஐந்து சரி. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். நல்ல பாடம்தான், ஆனால் ஐந்தும் சரியாக இருந்தும் ஆள் மயங்கி விழுவார், அதைத்தான் அந்த அப்பா யோசிக்கவில்லை.

தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டப் போகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். விடியும் முன்பே எழுந்து, ஒரு கொப்பி ஓ (பால் இல்லாத காப்பி) குடித்துவிட்டுப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போய்விடுவார். உருப்படியான சாப்பாடு ஒன்பதரை, பத்து மணிக்குத்தான். இனிப்பு நீருக்கு (நீரிழிவுக்கு) கொடுத்த கிலிக்லசைட் மாத்திரைப் பையில் "காலை, சாப்பாட்டுக்கு முன்" என்று எழுதியிருக்கும், அவரும் ஒழுங்காகக் காலை ஐந்து மணிக்கே போட்டுக்கொள்வார். அந்த மாத்திரை கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும், வயிற்றில் சோறு இருக்கிறதா என்று பார்க்காது. எட்டு மணிக்கு மரத்தடியில் வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறும். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் வந்து பார்த்துவிட்டு "ராத்திரி தண்ணி போட்டிருக்கான்" என்பார். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை இப்படித் தாழ்வது அபூர்வம். இரண்டுமே இனிப்பு நீர் மாத்திரைதான், வேலை செய்யும் விதம் வேறு. அது தெரிந்த தாதிதான் "அண்ணே, வேலைநாளில் முதல் சாப்பாடு எத்தனை மணிக்கு?" என்று கேட்பாள், கேட்டுவிட்டு டாக்டரிடமும் சொல்வாள்.

இதோடு பிரஷருக்கோ இதயத்துக்கோ பிசோப்ரோலால், அட்டினோலால் மாதிரி ஒன்று சேர்ந்தால் இன்னும் சிக்கல். சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் அவை அமுக்கிவிடும், வியர்வையை அவ்வளவாக அமுக்காது. அதனால் அப்படிப்பட்டவரிடம் "படபடன்னு வந்தா இனிப்பு சாப்பிடுங்க" என்று சொல்லி அனுப்புவது பாதி வேலை. காரணமில்லாமல் குப்பென்று வியர்த்தால் சோதித்துப் பாருங்கள், 4-க்குக் கீழே (mmol/L அளவில்) இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் குடியுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள், கருவி கையில் இல்லையென்றால் முதலில் குடித்துவிடுங்கள், இவ்வளவையும் சொல்லி அனுப்ப வேண்டும். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு. நம் வீடுகளில் இது தெரியாத தெரு கிடையாது.

அப்புறம் இன்னொரு கூத்து. பல வருஷம் இனிப்பு நீரோடு இருந்த பாட்டிக்குத் திடீரென்று சர்க்கரை அளவு குறைய ஆரம்பிக்கும். மருந்து அதேதான், சாப்பாடும் அதேதான். வீட்டில் ஒரே சந்தோஷம், பாகற்காய் சாறு வேலை செய்கிறது என்று பக்கத்து வீட்டுக்கும் செய்தி போய்விடும். எனக்கு உடனே பாட்டியின் காலைப் பார்க்கத் தோன்றும், வீங்கியிருக்கிறதா, சிறுநீர் நுரைக்கிறதா, பசி குறைந்திருக்கிறதா என்று. உடம்பிலுள்ள இன்சுலினில் ஒரு பகுதியை அப்புறப்படுத்துவது சிறுநீரகம். அது கெட ஆரம்பித்தால் இன்சுலின் அதிக நேரம் உடம்பில் தங்கும், சில மாத்திரைகளும் தங்கும், சர்க்கரை இறங்கும். நோய் குறைந்துவிட்டதாகத் தெரிவது சிறுநீரகம் கைவிடுவதன் அறிகுறியாக இருக்கலாம். இந்த நேரத்தில் முட்டிவலிக்கு, சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கக்கூடிய டைக்ளோஃபெனாக் வலி மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டால் கேட்கவே வேண்டாம்.

டெங்கியும் இப்படித்தான், இன்னும் வேகமாக. காய்ச்சல் இருக்கும்வரை குடும்பமே கட்டிலைச் சுற்றி நிற்கும், விட்டதும் "வீட்டுக்குப் போலாமா மிஸ்ஸி?" என்று பையை மடிப்பார்கள். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும், ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்கும், அடுத்த 24 முதல் 48 மணி நேரம். ரத்தக் குழாயிலிருந்து நீர்ப்பகுதி கசிந்து வெளியேற, உள்ளே இருக்கும் ரத்தம் கெட்டியாகும். எல்லோரும் கேட்பது பிளேட்லெட் எவ்வளவு என்று, பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா என்று. நான் ஹெமட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு ஏறுகிறதா என்று பார்ப்பேன், ரத்தம் கெட்டியாவதை அதுதான் காட்டும். பிரஷர் 100/80 என்றால் வீட்டாருக்கு நிம்மதி, மேல் எண் நூறு இருக்கிறதே என்று. இரண்டு எண்ணுக்கும் நடுவே இருபதுதான் இருக்கிறது, அந்த இடைவெளி சுருங்குவதே ஆபத்தின் அடையாளம், கை கால் வேறு சில்லென்று இருக்கிறது, எனக்கு எங்கிருந்து நிம்மதி வரும்? நம் ஆட்களுக்கு ஊசி போடாத டாக்டர் டாக்டரே இல்லை, ஆனால் டெங்கி சந்தேகம் இருக்கும்போது தசையில் ஊசியும் வேண்டாம், ஐபுப்ரோஃபென் வகையறா வலி மாத்திரையும் வேண்டாம், பாராசிட்டமால் போதும்.

சரி, இதையெல்லாம் பார்க்கத்தான் டாக்டர் இருக்கிறாரே என்பீர்கள். இருக்கிறார், காலையில் ஒரு சுற்று வருவார், அழைத்தால் வருவார். மூன்று ஷிப்டும் பக்கத்தில் நிற்பது தாதி. நோய் இன்னதென்று முடிவு செய்வதும் மருந்து எழுதுவதும் என் வேலை கிடையாது, கூப்பிட வேண்டிய நேரத்தில் கூப்பிடுவது என் வேலை. ராத்திரி இரண்டு மணிக்குப் போன் எடுத்து "டாக்டர், நோயாளி ஒரு மாதிரி இருக்கார்" என்றால் "சரி, பார்த்துக்குங்க" என்றுதான் பதில் வரும். "காய்ச்சல் சாயங்காலம் விட்டது, மூன்று தடவை வாந்தி, வயிற்றுவலி, பிரஷர் 100/80, ஹெமட்டோக்ரிட் ஏறியிருக்கிறது" என்று சொன்னால் பேச்சு முடிவதற்குள் எழுந்து வருவார். அந்த வாக்கியத்தைச் சொல்லத்தான் அந்தத் தடிப் புத்தகம். பரீட்சைக்குப் பக்கவிளைவுப் பட்டியலை ஒப்பித்துவிட்டு, வார்டுக்கு வந்ததும் "டாக்டர் ஆர்டர்" என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற தாதியரும் உண்டு, அவர்கள் மேல் எனக்கும் கோபம் உண்டு.

ஜாமு என்ற மூலிகை மருந்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய போத்தல், இரண்டே நாளில் முட்டிவலி பறந்துவிடும். இப்படி விற்கும் சில பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. சர்க்கரை ஏறும், முகம் வீங்கும். நீண்ட நாள் குடித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்க முடியாமல் வாந்தியும் தாழ்ந்த பிரஷருமாக வந்து படுப்பார்கள். ஏன் என்று கண்டுபிடிக்க அவர்கள் வாய் திறக்க வேண்டும், திறக்க மாட்டார்கள், ஏனென்றால் போன தடவை சொன்னபோது யாரோ ஒரு மிஸ்ஸி திட்டியிருப்பார். திட்டாதீர்கள் என்று இளம் தாதியரிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். மெதுவாகக் கேட்டால் பாட்டி முந்தானையிலிருந்தே எடுத்துக் காட்டுவார்.

அந்த அப்பாவுக்கு ஒரு யோசனை. வீட்டுப் பெரியவர்களின் மாத்திரைப் பையை மகள் முன்னால் கொட்டி, ஒவ்வொன்றும் எதற்கு, எதை எதோடு சேர்க்கக் கூடாது, எது சாப்பாட்டுக்குக் காத்திருக்காது என்று கேளுங்கள். தெரியாததை அந்தப் புத்தகத்திலேயே தேடட்டும். ஜாமு போத்தல் இருந்தால் அதையும் ஒளிக்காமல் எடுத்து வையுங்கள்.