பொரி வேணாம்னு சொன்னா அவமரியாதையா?

ஒரு பதிவு போட்டதோட சரி, ரெண்டு நாளா வாய மூடிட்டுதான் இருந்தேன். இன்னிக்கு காலைல அந்த போட்டோ எங்க சொந்தக்காரங்க குரூப் வரைக்கும் வந்து, சித்தப்பா பையன் "இது உங்க கம்பெனியாக்கா"ன்னு கேட்டப்புறம் முடியல. என்ன நடந்துச்சுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும், முழுக்க திருப்பி சொல்லல. நம்ம கம்பெனி ஸ்டோர்ஸ்ல வேல பாக்குற ஸ்டோர்ஸ் அண்ணன், அவர் முஸ்லிம், ஆயுத பூஜை அன்னிக்கு சாமிக்கு படைச்ச பொரி வாங்கிக்கல. அவ்வளவுதான். தட்டு என் கைலதான் இருந்துச்சு. "சாமிக்கு படைச்சது எனக்கு வேணாம்மா, தப்பா நெனச்சுக்காத"ன்னு எனக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னாரு, நான் "சரிண்ணே"ன்னுட்டு அடுத்த ஆள்கிட்ட போயிட்டேன். அவருக்கும் எனக்கும் நடுவுலயே முடிஞ்சு போன விஷயம். அத தூரத்துலேந்து போட்டோ புடிச்சு, "சம்பளம் இறங்குது, பிரசாதம் இறங்கல"ன்னு எழுதி குரூப்ல போட்டு, அது எங்கெங்கயோ சுத்திட்டு எங்க வீட்டுக்கே வந்து நிக்குது.

நான் சொல்ல வந்தது ஒண்ணுதான். வேணாம்னு சொல்றது அவமரியாதை இல்ல. அவருக்கு அவரோட மார்க்கம் பெருசு, அல்லாவ தவிர வேற யாருக்கும் படைச்சத சாப்பிடக் கூடாதுன்னு அவர் நம்புறாரு, சாப்பிடல. எனக்கு என் சாமி பெருசு, நான் கண்ணுல ஒத்திக்கிட்டு வாயில போட்டுக்கிட்டேன். இதுல யாரு யாரை கேவலப்படுத்துனா? அவர் தட்ட தள்ளி விட்டாரா, மூஞ்ச சுளிச்சாரா, இதெல்லாம் ஒரு பூஜையான்னு கேட்டாரா? வேணாம்மான்னாரு. தப்பா நெனச்சுக்காதன்னும் சேத்து சொன்னாரு. அந்த ரெண்டாவது வார்த்தைய ஏன் ஒருத்தரும் எழுதல?

"பிரசாதத்த வேணாங்கிறது சாமியவே வேணாங்கிற மாதிரி"ன்னு ஒருத்தர் நீளமா எழுதியிருக்காரு. எங்க குலதெய்வம் கோயில் கிடா வெட்டுக்கு ஒரு தடவ வந்து பாருங்க. சாமிக்கு வெட்டி, சாமிக்கு படைச்சு, அப்புறம்தான் பந்தி. எங்க பெரியம்மாவ கட்டிக் கொடுத்த வீடு சுத்த சைவம், வள்ளலார் படத்துக்கு விளக்கேத்துற குடும்பம். அவங்களும் வருவாங்க. பொங்க வைக்க வெறகு எடுத்துக் கொடுப்பாங்க, விழுந்து கும்பிடுவாங்க, திருநீறு பூசிக்குவாங்க, ஆனா கறிச்சோத்து பந்தில உக்கார மாட்டாங்க. எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்லேந்து அவங்களுக்குன்னு ஒரு சட்டில சாம்பாரும் ஒரு உருளக்கிழங்கு பொரியலும் தனியா ஆகும். அதுவும் படையல் சோறுதானே? அத வேணான்னதுக்காக அவங்க சாமிய இழிவு பண்ணிட்டாங்கன்னு எங்க ஊர்ல ஒரு கிழவி கூட சொன்னதில்ல. பெருமாள் கோயில தவிர வேற கோயில் படி ஏறாத வைஷ்ணவங்க இன்னிக்கும் இருக்காங்க, திருநீறு நீட்டுனா நெத்தில வெச்சுக்க மாட்டாங்க, அவங்கள போட்டோ புடிச்சு யாரு குரூப்ல போட்டா? நமக்குள்ளன்னா அது ஆசாரம். ஸ்டோர்ஸ் அண்ணன் செஞ்சா மட்டும் அது திமிரா?

இப்ப அந்த போட்டோவ போட்டவருக்கு நேராவே சொல்றேன், நீங்க இத படிப்பீங்கன்னு தெரியும். புரட்டாசி முழுக்க நம்ம கேன்டீன்ல முட்ட வெச்ச கரண்டிய உங்க சாப்பாட்டுப் பக்கம் கொண்டு வரக் கூடாதுன்னு சொல்றீங்க, சொல்லுங்க, அது உங்க விரதம், நாங்க யாரும் ஒரு வார்த்த சொன்னதில்ல. கார்த்திகைல மாலை போட்டீங்கன்னா ஒரு மண்டலம் வெளில கை நனைக்க மாட்டீங்க. போன வருஷம் மேனேஜர் பொறந்தநாள் கேக் முட்ட போட்டதுன்னு நீங்க தொடல, "சாமி சாப்பிட மாட்டாரு"ன்னு நாங்களே ஓடிப் போய் உங்களுக்கு வாழப்பழம் வாங்கிட்டு வந்தோம். மேனேஜர் அத அவமானம்னு நெனச்சாரா? உங்களுக்குன்னு ஒரு சில்வர் டம்ளர், வேற யாரும் தொடக் கூடாதுன்னு ஸ்டோர்ஸ் அலமாரில மேல் தட்டுல கவுத்து வெச்சிருக்கே, அத எடுத்து வெச்சது யாருன்னு யோசிச்சு பாத்தீங்களா? மாலை போட்ட நாள்லேந்து மலைக்கு போயிட்டு வர்ற வரைக்கும், உங்கள விட பதினஞ்சு வயசு மூத்த மனுஷன், உங்கள பேர் சொல்லி கூப்பிடாம "சாமி, சாமி"ன்னுதான் கூப்பிட்டாரு. ஐயப்பன கும்பிடாத ஒருத்தர் அப்படி கூப்பிட்டாரு. அதுக்கு பேரு என்ன? நான் அத மரியாதைன்னு சொல்றேன். நீங்க எரிமேலில பேட்டை துள்ளிட்டு ஐயப்பனோட முஸ்லிம் தோழர் வாவரோட பள்ளிவாசல சுத்தி கும்பிட்டுதானே மலை ஏறுறீங்க, அந்த வழக்கம் நமக்கு எதுக்கு வந்துச்சுன்னு ஒரு நிமிஷம் யோசிங்க.

"அது விரதம், இது மத வெறி, ரெண்டையும் ஒண்ணா பேசாத"ன்னு வரும். ரெண்டும் ஒண்ணுதான். என் சாமிக்காக நான் ஒண்ண ஒதுக்குறேன், அவர் நம்பிக்கைக்காக அவர் ஒண்ண ஒதுக்குறாரு. இது இன்னிக்கு நேத்து வந்த பேச்சும் இல்ல. என் கூட ஹாஸ்டல்ல இருந்த பொண்ணு பைபிள்ல காட்டியிருக்கா, பவுல் கொரிந்தியருக்கு எழுதுன முதல் நிருபத்துல 8ஆம் அதிகாரம் முழுக்க சிலைக்கு படைச்சத சாப்பிடலாமா கூடாதாங்கிறதுதான். அவ கோயில் சுண்டல் சாப்பிட மாட்டா. ஆனா நான் வெள்ளிக்கிழம வெளக்கேத்துறப்ப ரூம் லைட்ட அணைச்சிட்டு சத்தம் போடாம உக்காந்திருப்பா. சுண்டல் சாப்பிடாததால அவ எனக்கு எதுலயும் கொறஞ்சு போகல.

அடுத்தது அந்த பிரியாணி கேள்வி. "நாம அவங்க பிரியாணிய சாப்பிடலயா?" சாப்பிடுறோம், ஏன்னா அது சாப்பாடு. பக்கத்து வீட்டு பாய் வீட்லேந்து தூக்குவாளில வர்ற நோன்புக் கஞ்சியும் எனக்கு சாப்பாடுதான், அத குடிச்சா என் நம்பிக்கைக்கு ஒரு கொறையும் வராது, அதனால குடிக்கிறேன். பூஜைல வெக்காத சர்க்கரைப் பொங்கல பொங்கலுக்கு பொங்கலுக்கு எங்க அம்மா எடுத்து வெச்சு தனியா அனுப்புவாங்க, அவங்களும் சாப்பிடுவாங்க. எங்க அம்மாவுக்கு இத யாரும் வகுப்பெடுக்கல. சாமிக்கு முன்னாடி வெக்கிறதுக்கு முந்தியே ஒரு கிண்ணம் எடுத்து மூடி வெச்சிடுவாங்க. பெரிய விஷயமா பேசினதும் இல்ல.

எனக்கு நாகப்பட்டினம். எங்க ஊர்லேந்து வடக்க போனா நாகூர் தர்கா, தெக்க போனா வேளாங்கண்ணி, மேக்க சிக்கல் சிங்காரவேலர். எனக்கு ரெண்டு வயசுல விடாம காய்ச்சல் வந்து, அம்மா நாகூர் ஆண்டவருக்கு வேண்டிக்கிட்டு அங்கதான் எனக்கு மொட்ட போட்டாங்க. தகடு வாங்கி காணிக்க போட்டாங்க, மயிலிறகால தலைல தடவி ஓதி விட்டாங்க. அங்க வர்றதுல பாதிப் பேர் நம்ம ஆளுங்கதான். அஞ்சு மினாரால உசரமானது பெரிய மினாரா, 131 அடி, அத கட்டிக் கொடுத்தது தஞ்சாவூர ஆண்ட மராட்டிய ராஜா பிரதாப சிங். அதுக்காக அவர் மதம் மாறல. எங்க அம்மாவும் மாறல. அங்கேந்து வந்து அன்னிக்கு சாயங்காலமே நீலாயதாட்சி அம்மன் கோயில்ல அர்ச்சனை பண்ணாங்க. ஆகஸ்ட் 29 கொடியேத்தத்துக்கு பக்கத்து வீட்டு டீச்சரம்மா கூட வேளாங்கண்ணிக்கு நடந்தே போனதும் உண்டு. எங்க அம்மாவுக்கு புடிச்ச சாமி எதுன்னு கேட்டா யோசிக்காம "சிக்கல் முருகன்"னுதான் சொல்லுவாங்க. விருப்பம் ஒரு இடத்துல, மரியாதை எல்லா இடத்துலயும். நான் அத பாத்துதான் வளந்தேன்.

உடனே "பாத்தியா, நாம தர்காவுக்கு போறோம், அவங்க நம்ம கோயிலுக்கு வர்றாங்களா"ன்னு கேப்பீங்க. நேத்தே மூணு பேர் கேட்டாச்சு. எங்க அம்மா நாகூருக்கு போனது என் காய்ச்சலுக்காக. பதிலுக்கு யாராவது வரணும்னு கணக்கு வெச்சு போகல. கணக்கு வெச்சு செஞ்சா அதுக்கு பேரு மொய். தர்காவுக்கு போகவே கூடாதுன்னு முஸ்லிம்களுக்குள்ளயே ஒரு கூட்டம் சொல்லுது, அது அவங்க வீட்டுக்குள்ள பேசித் தீத்துக்க வேண்டியது, நான் அதுக்குள்ள போகல.

எங்க என் கோவம் வரும்னும் சொல்லிடுறேன், ஒரு பக்கம்தான் பேசுறேன்னு சொல்றவங்களுக்காக. அப்பாவ ஐசியூல வெச்சிருந்தப்ப வெளில பெஞ்சுல உக்காந்து கந்த சஷ்டி கவசம் சொல்லிட்டிருந்தேன். ஜெபம் பண்ண வந்த ஒருத்தர் என் பக்கத்துல உக்காந்து, நீங்க கும்பிடுறது வெறும் கல்லு, அதான் இந்த கஷ்டம்னு சொன்னாரு. அப்பா உள்ள டியூப் மாட்டி கெடக்குறாரு. நான் அந்த ஆளுக்கு பதிலே சொல்லல, எழுந்து போய் படிக்கட்டுல உக்காந்து அழுதேன். இன்னிக்கு வரைக்கும் அது எனக்கு ஆறல. அதுதான் அவமரியாதை. என் சாமிய அவர் கும்பிட வேணாம், என் திருநீற அவர் தொட வேணாம், ஆனா என் கண்ணுக்கு முன்னாடி அத கேவலமா பேசுனாரு. வேணாம்னு சொல்றது வேற, கேவலம்னு சொல்றது வேற. இந்த வித்தியாசம் எனக்கு அந்த படிக்கட்டுல தெரிஞ்சுது. ஸ்டோர்ஸ் அண்ணன் சொன்னது முதல் வகை. அந்த போட்டோவுக்கு மேல நீங்க எழுதுனது ரெண்டாவது வகை.

எல்லா மதமும் ஒண்ணுன்னும் நான் சொல்ல வரல. ஒண்ணு இல்ல. அவருக்கு அவரோடது மட்டும்தான் சரி, அத நான் கடன் வாங்க போறதில்ல, என்னோடத அவர் வாங்க போறதில்ல. பதினோரு வருஷமா ஒரே கூரைக்கு கீழ வேல பாக்குறோம்.

இன்னொண்ணு. முதல்ல போட்ட அந்த பதிவுல நானே ஒரு தப்பு பண்ணேன். "வாழக்கன்னு கட்டுனது அவர், பூசணிக்கா தூக்கிட்டு வந்தது அவர், மெஷின் எல்லாம் தொடச்சது அவர்"னு எழுதி அவருக்காக வாதாடுனேன். எல்லாம் உண்மதான். ஆனா ராத்திரி யோசிக்கும்போது எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அவர் வாழக்கன்னு கட்டலேன்னா? ஓரமா சும்மா நின்னிருந்தா? அப்ப மட்டும் அவர போட்டோ போட்டு அப்படி எழுதலாமா? எங்க ஊர்ல சுனாமி வந்தப்ப, 2004ல, பொணம் தூக்குனதுல பள்ளிவாசல் பசங்க எத்தன பேருன்னு நான் கண்ணால பாத்தவ. அத எப்பவும் எடுத்து எடுத்து சொல்லுவேன். இப்ப தோணுது, ஒரு மனுஷன் மரியாதைக்கு நாம பொணம் தூக்கணும்னா எதிர்பாக்குறோம்? நம்மள யாரும் அப்படி கேக்கலயே.

எங்க அத்தை காலைல போன் பண்ணி "நீ யாரு பக்கம்டி"ன்னு கேட்டாங்க. எனக்கு மொட்ட போட்ட அன்னிக்கு நாகூர்ல என்ன மடில வெச்சிருந்தது அவங்கதான். அன்னிக்கு எடுத்த போட்டோ அம்மா பொட்டியில இன்னும் இருக்கு. என்னால ஒண்ணும் பேச முடியல, வெச்சுட்டேன்.

இன்னிக்கு மத்தியானம் அண்ணனே வந்து என் டேபிள்கிட்ட நின்னாரு. "எனக்காக ஏம்மா எல்லார்கிட்டயும் பகைச்சுக்கிற, விடு, அடுத்த வருஷம் பூஜை அன்னிக்கு நான் லீவு போட்டுக்குறேன்"னாரு. அவர் கோவமா சொல்லியிருந்தா கூட தாங்கியிருப்பேன்.

அண்ணே, நீங்க லீவு போடாதீங்க. பொரி வாங்க வேணாம், வந்து நில்லுங்க போதும்.

போட்டோ போட்டவருக்கு. அடுத்த மாசம் மாலை போட்டுட்டு வருவீங்க. அந்த டம்ளர் அதே அலமாரில அதே மேல் தட்டுலதான் இருக்கு, சாயங்காலம் கெளம்பும்போது போய் பாத்துட்டுதான் வந்தேன். அத அவர் கையாலதான் எடுத்துக் கொடுப்பாரு, சாமின்னுதான் கூப்பிடுவாரு. அதுக்கு முன்னாடி அந்த போட்டோவ எடுத்துடுங்க.