ஏரிக்கு பென்ச் போட காசிருக்கு, சாக்கடைய திருப்ப காசில்லையாம்

சேலத்துல இப்ப எந்த ஏரிக்கரைக்குப் போனாலும் ரெண்டு விசயம் பார்க்கலாம், ஒன்னு புதுசா போட்ட நடைபாதை, இன்னொன்னு அதுல மூக்கப் பொத்திக்கிட்டு வாக்கிங் போறவங்க. நடைபாதை வேணாம்னு சொல்லலீங்க, ஆனா ஏரிக்குள்ள விழற சாக்கடைய அப்படியே உட்டுட்டு கரைல மட்டும் டைல்ஸ் ஒட்டுறதுக்குப் பேரு சுற்றுச்சூழல் செலவா?

சேர்வராயன் மலை நமக்கு சும்மா தண்ணி குடுக்குது. மழை பேஞ்சா ஓடை ஓடையா எறங்கி வருது. திருமணிமுத்தாறு அங்கதான் பொறக்குது, ஊருக்குள்ள நுழைஞ்சதும் கழிவும் சாயப்பட்டறைத் தண்ணியும் சேர்ந்து கலர் கலரா மாறி நாமக்கல் பக்கம் போய் காவேரில கலக்குது. இதே மாவட்டத்துல மேட்டூர் நெறஞ்சு மிச்சமாகுற தண்ணிய திப்பம்பட்டில பம்ப் வச்சு ஏத்தி 100 ஏரிக்கு உட 565 கோடில திட்டம் போட்டாங்க. அந்தப் பக்கம் வறண்ட பூமி, தேவைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா தண்ணிய மேல ஏத்த அவ்ளோ கோடி எடுக்க முடியுது, தானா கீழ வர்ற தண்ணில சாக்கடை கலக்காம பார்த்துக்க மட்டும் "நிதி இல்ல"ன்னா எப்படி நம்புறது?

பணம் இல்லாம இல்லீங்க. காட்டை அழிச்சா ஈடா கட்டுற பணம் வருசக்கணக்கா டெல்லில தூங்குச்சு, 2019 ஆகஸ்ட்ல 47 ஆயிரம் கோடிக்கு மேல மாநிலங்களுக்குப் பிரிச்சாங்க. அத உடுங்க, நம்ம ஊருக்கே வருவோம். மேக்னசைட் ஜங்ஷன்னு ரயில்வே ஸ்டேஷனுக்கே பேரு வைக்கிற அளவுக்கு மேக்னசைட்ங்கிற வெள்ளக்கல்லு வெட்டுன ஊரு இது. 2015ல சுரங்கச் சட்டத்த திருத்தி மாவட்ட கனிம அறக்கட்டளைன்னு ஒன்னு கொண்டுவந்தாங்க, பழைய குத்தகைக்காரங்க ராயல்டில (வெட்டுற கனிமத்துக்கு அரசுக்குக் கட்டுற தொகை) 30 சதவீதம், ஏலத்துல எடுத்தவங்க 10 சதவீதம், ராயல்டிக்கு மேல தனியா கட்டணும். சுரங்கத்தால பாதிச்ச ஊருக்கும் சனத்துக்கும்தான் அந்தக் காசு, குடிதண்ணி, மாசு தடுக்குறது, மருத்துவம், படிப்பு எல்லாம் முன்னுரிமை லிஸ்ட்லயே இருக்கு. (ஏற்காட்டுல அலுமினியத்துக்கு பாக்சைட் வெட்டி மேட்டூருக்கு லாரி லாரியா எறக்குனதெல்லாம் இந்தச் சட்டம் வர்றதுக்கு முன்னாடி, அந்த மலைக்கு ஒரு பைசா இதுல சேரல, அது தனி வயித்தெரிச்சல்.)

என்னோட கடுப்பு எங்கன்னா, எந்த நிதியா இருந்தாலும் "திட்டம்"னு ஒன்னு போட்டு, கட்டி, ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்ததோட முடிஞ்சிருது. அடுத்த வருசம் ஆகாயத்தாமரைய யாரு எடுக்குறது, வாய்க்கால்ல அடைச்ச பிளாஸ்டிக்க யாரு அள்றது, வச்ச கன்னுக்கு கோடைல யாரு தண்ணி ஊத்துறது, அதுக்கு சம்பளம்னு ஒரு தலைப்பே கெடையாது. கல்வெட்டுல பேரு போட முடியாத வேலைக்கு யாரும் பணம் ஒதுக்க மாட்டேங்குறாங்க. மூக்கனேரிய 2010 வாக்குல சனங்களே காசு போட்டு தூர்வாரி, நடுவுல மேடு மேடா போட்டு மரம் வச்சாங்க, பறவை வந்துச்சு. சரி, அதுக்கப்புறம் காலம்பூரா அதே சனங்கதான் தலையில தூக்கிக்கணுமா, அப்ப வரி எதுக்கு?

அக்டோபர் 2 கிராமசபைக்கு மனு எழுதறவங்க "ஏரிய அழகுபடுத்தித் தரணும்"னு மட்டும் எழுதாதீங்க, அப்படி எழுதுனா பென்ச்சுதான் வரும். கனிம நிதில நம்ம ஊருக்கு இதுவரைக்கும் என்ன வேலை நடந்துச்சு, வாய்க்கால் பராமரிப்புக்கு வருசா வருசம் எவ்ளோ ஒதுக்குவீங்கன்னு கேட்டு தீர்மானத்துல ஏத்தச் சொல்லுங்க. டவுனுக்குள்ள இருக்கறவங்க வார்டு கவுன்சிலர்கிட்ட இதையே கேளுங்க, பதில் வந்தா கமெண்ட்ல போடுங்க.