ஜி.பி.ஏ. 2.8, படிக்க ஆசை ஸ்பீச் தெரபி

கம்பஸ் இறுதிப் பெறுபேறு வரும் காலத்தில் என் இன்பொக்ஸ் நிரம்பிவிடும். "அக்கா, ஜி.பி.ஏ. (சராசரிப் புள்ளி) நாலுக்கு 2.8தான். வெளிநாட்டில் ஸ்பீச் தெரபி (பேச்சுச் சிகிச்சை) மாஸ்டர்ஸ் கிடைக்குமா?" கேட்பவர்களில் பாதிப்பேர் மொழியியலோ உளவியலோ படித்தவர்கள், மிச்சப்பேர் உயிரியல். கனடாவில் சித்தி இருக்கிறா, லண்டனில் மாமா இருக்கிறார் என்ற விபரமும் கூடவே வரும்.

கிடைக்கும். ஆனால் லேசில்லை. ஏன் லேசில்லை என்பதைக் காசு வாங்கும் ஏஜென்சிக்காரர் சொல்லமாட்டார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் ஸ்பீச் தெரபிஸ்ட் ஆவதற்கு மாஸ்டர்ஸ் கட்டாயம். அங்குள்ள பேச்சு, செவிப்புலன் தொழிலாளர் சங்கமான 'ஆஷா'வின் சான்றிதழுக்கு ஒவ்வொரு மாணவரும் 400 மணித்தியாலம் கிளினிக்கல் பயிற்சி முடிக்க வேண்டும். அத்தனை பேருக்கும் நோயாளிகளும் மேற்பார்வையாளர்களும் தேவை, அதனால் நினைத்தபடி வகுப்பைப் பெருக்க முடியாது. இடம் கொஞ்சம், விண்ணப்பம் அதிகம். கழித்துவிட ஒரு கோடு வேண்டும், அது பல இடங்களில் 3.0. கோட்டுக்குக் கீழே நிற்பவரின் விண்ணப்பக் கடிதத்தைத் திறந்து பார்ப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் அந்தத் துறைக்கே ஒரு மின்னஞ்சல் போட்டு, கடைசி இரண்டு வருடப் புள்ளியைத் தனியாகப் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். பார்க்கும் இடங்கள் இருக்கின்றன. முதல் வருடம் கவிழ்ந்து பிறகு எழும்பியவர்களுக்கு அது பெரிய வித்தியாசம்.

இங்கிலாந்து என்றால் வேறு கதை. அங்கே சுகாதாரத் தொழில் செய்பவர்களைப் பதியும் சபை எங்கள் தொழிலுக்குக் கேட்கும் ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலப் பரீட்சைப் புள்ளி மொத்தம் 8.0, ஒரு பகுதியும் 7.5க்குக் குறையக்கூடாது. அதே சபையின் கீழ் வரும் மற்றத் தொழில்களுக்கு 7.0 போதும். ஜி.பி.ஏ.யை நினைத்து நித்திரை கொள்ளாதவர்கள் பலர் இதை எட்டியும் பார்ப்பதில்லை.

இனி எங்கள் இலங்கை டிரான்ஸ்கிரிப்ட், அதாவது பாடவாரியான பெறுபேற்றுத் தாள். இங்கே 80 எடுத்தால் ஏ அல்லது ஏ பிளஸ். அமெரிக்காவில் 80 பெரும்பாலும் பி மைனஸ். இங்கே ஒரு பாடத்தை ரிப்பீட் எழுதினால், எவ்வளவு திறமாக எழுதினாலும் சி-க்கு மேல் தரமாட்டார்கள். டெங்குக் காய்ச்சலோடு பரீட்சை எழுதிக் கோட்டைவிட்ட பிள்ளைக்கும், வகுப்புக்கே போகாத பிள்ளைக்கும் கடைசியில் அதே சி. அங்கே இருப்பவருக்கு இது எப்படித் தெரியும்? புள்ளித்திட்டம், ரிப்பீட் விதி இரண்டையும் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் வாங்கி இணைத்துவிடுங்கள். அழுகைக் கடிதம் மூன்று பக்கம் எழுதுவதைவிட அந்த ஒரு தாள் மேல்.

அழுகைக் கடிதம் என்றதும் ஞாபகம் வருகிறது. "என் மாமாவுக்குத் திக்குவாய், சின்ன வயதிலிருந்தே உதவ வேண்டுமென்ற ஆசை" என்று தொடங்கும் ஸ்டேட்மென்ட் (விண்ணப்பத்தோடு தன்னைப் பற்றி எழுதும் கடிதம்) எனக்கு அலுத்துப்போய்விட்டது. குறைந்த புள்ளிக்கு விளக்கம் இரண்டு வரி போதும். மீதிப் பக்கத்தில் பிறகு என்ன செய்தீர்கள் என்பது வரட்டும். புள்ளிவிபரவியல், ஒலியியல், பேச்சுறுப்புகளின் உடற்கூறு, மொழி வளர்ச்சி போன்ற முன்பாடங்களைத் தனியாக எடுத்து ஏ வாங்கினால் அதுதான் உங்களுக்காக வாதாடும். பழைய பாடத்தையே திரும்ப எடுப்பதில் அவ்வளவு லாபமில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல சேர்ந்து பயன்படுத்தும் விண்ணப்பத் தளத்தில் பழைய புள்ளி அழியாது, இரண்டையும் சேர்த்தே கணக்குப் பார்ப்பார்கள்.

அதைவிட முக்கியம், இந்த வேலையை ஒருநாளாவது கிட்ட இருந்து பாருங்கள். கொக்குவிலில் எனக்குத் தெரிந்த ஓர் ஐயா, பக்கவாதம் வந்து பேச்சுத் தடுமாறியவர். பார்க்க வந்த தெரபிஸ்டுக்குத் தமிழ் தெரியாது, மகள்தான் மொழிபெயர்த்தா. தேங்காய்த் திருவலையின் படத்தைக் காட்டி இது என்னவென்று கேட்டால் ஐயா "கத்தி" என்பார். மகள் பாசத்தில் "தேங்காய் துருவுகிறது என்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிடுவா. தெரபிஸ்டின் தாளில் சரி விழும். எந்தச் சொல் தொலைந்தது, எந்தச் சொல் அதன் இடத்துக்கு வந்தது என்பதுதான் சிகிச்சைக்கே அடிப்படை, அது அந்த வீட்டு விறாந்தையிலேயே காணாமல் போனது. அதே ஐயாவுக்குத் தேத்தண்ணி குடித்தால் புரைக்கேறும். விழுங்குவதைப் பார்ப்பதும் ஸ்பீச் தெரபிஸ்டின் வேலை என்பது அன்றுதான் வீட்டாருக்குத் தெரியும்.

தமிழில் இந்தப் பிழையைக் காது கொடுத்துப் பிடிக்கக்கூடியவர் 3.9 எடுத்தவராகத்தான் இருக்க வேண்டுமா? நான் அப்படி நினைக்கவில்லை. புள்ளி பார்ப்பதே பிழை என்றும் சொல்லமாட்டேன், நரம்பியல் பாடத்தில் தடுமாறுபவரிடம் என் அப்பாவை ஒப்படைக்க எனக்கும் மனம் வராது. ஆனால் 2.8க்கும் 3.2க்கும் நடுவே அவர்கள் பார்க்கும் வித்தியாசம் எனக்கு நோயாளியின் கட்டிலருகே தெரிவதில்லை.

உயர்தரம் எழுதப்போகும் தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்று. இந்தச் சுற்றெல்லாம் உங்களுக்குத் தேவையில்லை. களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்தில் பேச்சு, செவிப்புலன் விஞ்ஞானப் பட்டப்படிப்பு இருக்கிறது. இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் உயர்தரப் புள்ளி) வந்ததும் விண்ணப்பத்தில் அதையும் போடுங்கள்.

மற்றவர்கள் ஸ்டேட்மென்டை எழுதிவிட்டு எனக்கு அனுப்பலாம், வாசித்துச் சொல்கிறேன். ஏஜென்சி எழுதித் தந்ததை மட்டும் அனுப்பாதீர்கள். இரண்டாவது வரியிலேயே பிடிபட்டுவிடும்.