சென்ட்ரல் லைன் தணிக்கை கட்டிலருகே நடக்க வேண்டும்

ஐசியுவில் சென்ட்ரல் லைன் (கழுத்து, மார்பு அல்லது தொடை வழியாகப் பெரிய இரத்த நாளத்துக்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) உள்ள நோயாளிகளுக்கான தொற்றுத் தடுப்புத் தணிக்கை, பல இடங்களில் கோப்பிலுள்ள செக்லிஸ்ட்டைப் புரட்டி, எல்லாக் கட்டங்களிலும் டிக் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதோடு முடிந்துவிடுகிறது. அது தணிக்கையே ஆகாது என்பது என் உறுதியான கருத்து.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், அப்போது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவராக இருந்த பீட்டர் ப்ரோனோவோஸ்ட்டின் குழு நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியுக்களில் நடத்திய திட்டத்தை இந்தத் துறையில் அறியாதவர் குறைவு. கை கழுவுதல், லைன் போடும்போது முழுமையான பாதுகாப்பு உடையும் விரிப்பும், குளோர்ஹெக்ஸிடின் கிருமிநாசினியால் தோலைத் துடைத்தல், இயன்றவரை தொடைப்பகுதியைத் தவிர்த்தல், தேவையற்ற லைனை எடுத்துவிடுதல் என்ற ஐந்தே படிகள். 2006இல் வெளியான அந்த ஆய்வின்படி, 1000 லைன் நாட்களுக்கு (ஒரு நோயாளிக்கு லைன் ஒரு நாள் இருந்தால் அது ஒரு லைன் நாள்) சராசரியாக 7.7 ஆக இருந்த இரத்த ஓட்டத் தொற்று, சுமார் ஒன்றரை ஆண்டில் 1.4 ஆகக் குறைந்தது. இந்த ஐந்து படிகளை நகலெடுத்துச் சுவரில் ஒட்டியவர்கள் ஏராளம். ஆனால், மருத்துவர் ஒரு படியைத் தவறவிட்டால், அவசர நிலை அல்லாதபோது, செவிலியரே வேலையை நிறுத்தலாம் என்று அங்கே கொடுக்கப்பட்ட அதிகாரத்தையும், தொற்று விகிதத்தை அந்தந்தப் பிரிவுக்கே தவறாமல் தெரிவித்ததையும் எத்தனை பேர் எடுத்துக்கொண்டார்கள்?

லைனைப் போடுவது ஒருமுறை. திறந்து மூடுவதோ நாளுக்குப் பலமுறை. ஹப்பை, அதாவது சிரிஞ்சைப் பொருத்தும் வெளிமுனையை, ஆல்கஹால் துடைப்பானால் அழுத்தித் தேய்த்து, உலரவிட்ட பிறகே சிரிஞ்சைப் பொருத்த வேண்டும். நள்ளிரவில் பக்கத்துக் கட்டிலின் பம்ப் அலறிக்கொண்டிருக்கும்போது, அந்தத் தேய்ப்பு வெறும் தொடுதலாகச் சுருங்கிவிடுவதை எந்தப் படிவமும் காட்டாது. கழுத்தில் போட்ட லைனைப் பாருங்கள்: வியர்வையிலும் தாடி முடியிலும் டிரெஸ்ஸிங்கின் ஓரம் பிரிந்து நிற்கும், மேலே எழுதிய தேதிக்கு ஏழு நாள் ஆகவில்லை என்பதால் படிவத்தில் 'சரி' என்றிருக்கும். ஓரம் பிரிந்தால் தேதியைப் பார்க்காமல் உடனே மாற்றியாக வேண்டும்.

ஆகவே தணிக்கை செய்பவர் இரவுப் பணியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வார்டில் நிற்க வேண்டும். டிராலியில் துடைப்பான் இல்லையென்றால், அதைச் செவிலியரின் தவறாக அல்ல, நிர்வாகத்தின் குறையாகப் பதிவு செய்ய வேண்டும். ரவுண்ட்ஸில் ஒவ்வொரு கட்டிலிலும் 'இந்த லைன் இன்று எதற்கு?' என்று கேட்டு, 'இருக்கட்டும், தேவைப்படலாம்' என்று பதில் வந்தால், அதையும் ஒரு குறையாகவே எழுத வேண்டும். கேட்கப்பட்டவர் துறைத் தலைவராகவே இருந்தாலும் சரி.