பிளஸ் டூவில் 450 வாங்காவிட்டால் ஐஐடி கிடையாதா?

"600க்கு 450 இல்லையென்றால் ஜேஇஇ நுழைவுத் தேர்வு ரேங்க் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஐஐடி, என்ஐடியில் இடம் கிடையாது." இப்படியொரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

பிளஸ் டூவில் 75 சதவீதம் வாங்கியிருக்க வேண்டும் என்ற விதி இருப்பது உண்மை. ஆனால் கணக்கு ஆறு பாடத்துக்கு அல்ல, ஐந்து பாடத்துக்குத்தான்: இயற்பியல், வேதியியல், கணிதம், ஒரு மொழி, மற்றவற்றில் அதிக மதிப்பெண் உள்ள ஒன்று. இரண்டு மொழி படித்திருந்தால் கூடுதலாக வாங்கிய மொழியே சேரும். ஆகவே தேவை 500க்கு 375.

ஒரு மாணவியின் மதிப்பெண்கள் இப்படி என்று வைத்துக்கொள்வோம்: இயற்பியல் 68, வேதியியல் 70, கணிதம் 82, தமிழ் 82, ஆங்கிலம் 58, கணினி அறிவியல் 80. மொத்தம் 440. வாட்ஸ்அப் கணக்கில் அவள் வெளியே. விதிப்படி ஆங்கிலத்தை விட்டுவிட்டால் 382, அதாவது 76.4 சதவீதம். தாராளமாகத் தகுதி உண்டு! ஒரு பாடம் சறுக்கிய பிள்ளையைத் தவறான கணக்கைக் காட்டி அழவைக்காதீர்கள்.

எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு 65 சதவீதம் போதும். அதுவும் குறைந்தால், தங்கள் பிரிவில், தங்கள் தேர்வு வாரியத்தின் முதல் 20 பெர்சன்டைலுக்குள், அதாவது தேர்ச்சி பெற்றவர்களில் முதல் 20 சதவீதம் பேருக்குள், இருந்தாலே தகுதிதான். எல்லாப் பிரிவினருக்கும் இந்த வழி உண்டு.

பிளஸ் டூ மதிப்பெண் ஜேஇஇ ரேங்கில் சேரும் என்பதும் பழைய கதை. என்ஐடி சேர்க்கைக்கான ரேங்கில் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 40 சதவீதப் பங்கு தந்த முறை 2017லேயே கைவிடப்பட்டது.